மண்ணுக்கடியில் ஜப்பான், பாலத்துக்கடியில் சேலம்

சப்போரோ நகரத்தின் பாதாளக் கடைவீதி வீடியோவைப் பார்த்துவிட்டு நம்ம ஊர்க்காரர்கள் சொல்வது ரெண்டே ரெண்டுதான். ‘சேலத்துக்கும் இப்படி ஒண்ணு வேணும்.’ இல்லையென்றால், ‘நம்மாளுங்ககிட்ட கொடுத்தா ஒரே வாரத்துல துப்பி நாறடிச்சிடுவான்.’ இரண்டு கோஷ்டியும் அந்த வீடியோவைச் சரியாகப் பார்க்கவில்லை.

அந்தக் கடைவீதி 1971 நவம்பரில் திறந்தது. அடுத்த மாதம் சுரங்க ரயில், 1972 பிப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக்ஸ். பல மீட்டர் பனி கொட்டும் ஊரில், ரயிலை விட்டு இறங்கியவர் வழுக்கி விழாமல் நடக்க ஒரு வழி. கடைகள் அந்த வழியில் ஒட்டிக்கொண்டவை. 2011இல் ரயில் நிலையம் வரைக்கும் கீழேயே நடந்து போக இணைப்புப் பாதையும் வந்துவிட்டது. எதுவுமே வாங்காமல் இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஏறலாம். தெரு என்றால் அதுதானே! டெல்லி பாலிகா பஜாரும் மண்ணுக்கடியில்தான் இருக்கிறது. அது இறங்கி, பேரம் பேசி, வாங்கிக்கொண்டு ஏறும் சந்தை.

ஃபேர்லேண்ட்ஸுக்கு வருவோம். நமக்குப் பனி இல்லை, ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் வெயில் உண்டு. அதற்கு என்ன செய்தோம்? 2020 ஜூனில், 400 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து அஞ்சு ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தோம். ஏற்கெனவே ஏசி இருக்கிற காருக்கு ரெண்டு மாடி. ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டுப் புது பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற அக்காவுக்கு? பாலத்தின் நிழல் ரோட்டு நடுவில் விழுகிறது. அவர் நடப்பதோ ஓரத்தில், டூவீலர் நிறுத்தியது போக மிஞ்சும் ஒன்றரை அடியில்.

துப்புகிற கதைக்கும் பதில் இருக்கிறது. 1980இல் ஷிசுவோகா ரயில் நிலையத்தருகே பாதாளக் கடைவீதியில் எரிவாயு வெடித்து 15 பேர் செத்தார்கள். அதன் பிறகு விதிகளை இன்னும் இறுக்கினார்கள். ஜப்பான்காரன் ரத்தத்தில் ஊறிய ஒழுக்கம் என்று நாம் வாய் பிளப்பதற்குப் பின்னால் இப்படிச் சாவுகளும், தினமும் கூட்டித் துடைப்பவருக்குத் தரும் சம்பளமும் இருக்கின்றன.

பள்ளம் எல்லாம் தோண்ட வேண்டாம் சார். சாரதா காலேஜ் ரோட்டில் விட்டுவிடாமல் ஆறடி நடைபாதை, மேலே மரமோ தகரமோ ஏதாவது. தள்ளுவண்டிக்காரர்களை விரட்டாமல், 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அங்கேயே இடம் குறித்துக் கொடுங்கள். டெண்டர் சின்னதுதான், ரிப்பன் வெட்ட மந்திரி யாரும் வரமாட்டார்.