உப்பு காய்ச்ச மட்டும் வேண்டுமாம்!

"சட்டத்தை மீறினார், உள்ளே போட்டார்கள். இதில் என்ன அநியாயம்?" ஹான்ஸ் நீல்சன் ஹாகேயைப் பற்றிப் பேசும்போது நண்பன் ஒருவன் கேட்டது இது. அவனுக்காகவே இந்தப் பதிவு.

ஹாகே நார்வே நாட்டு விவசாயி மகன். 1796ல் வயலில் உழுதுகொண்டிருந்தபோது ஏற்பட்ட ஆன்மீக அனுபவத்துக்குப் பிறகு, ஊர் ஊராக நடந்தே போய்ப் பிரசங்கம் செய்தார். குருப்பட்டம் கிடையாது. அதுதான் குற்றம்! பாதிரியார் மேற்பார்வை இல்லாமல் சாமானியர்கள் ஜெபக்கூட்டம் நடத்தக்கூடாது என்று 1741லேயே அரசாணை இருந்தது.

1804ல் பிடித்து அடைத்தார்கள். தீர்ப்பு வந்ததோ 1813ல். சரி, அவ்வளவு ஆபத்தான ஆள் என்றே வைத்துக்கொள்வோம். 1809ல் ஆங்கிலேயர்களின் கடல் முற்றுகையால் நாட்டில் உப்புப் பஞ்சம் வந்ததும், அதே அரசாங்கம் அவரை வெளியே விட்டதே, எதற்கு? உப்பு காய்ச்ச ஏற்பாடு செய்து தரத்தான்! வேலை முடிந்ததும் மறுபடி சிறை. 1811ல்தான் விட்டார்கள், அதற்குள் உடம்பு போய்விட்டது.

பாதிரிமார்களைக் கடுமையாகத் திட்டினார் என்பதும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மேல்முறையீட்டில், 1814ல், வெறும் அபராதத்தோடு முடிந்த வழக்கு இது. அதற்கா இத்தனை வருடச் சிறை?

நண்பா, நீ தூக்கிப் பிடிக்கும் அந்தச் சட்டத்தை நார்வே நாடாளுமன்றமே 1842ல் ரத்து செய்துவிட்டது. ஹாகே 1824லேயே இறந்துவிட்டார்.