மிருகத்தை அழகனாக்கிவிட்டார்கள்

இந்த வாரம் பழைய புதுவை நினைவுகள் எதுவும் இல்லை. எனக்கு ஒரு புத்தகத்தோடு சண்டை. அதை இங்கே போட்டுத் தீர்த்துக்கொள்ளப் போகிறேன்.

புத்தகத்தின் பெயர் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்'. முள்ளும் ரோஜாவும் சூழ்ந்த அரசவை என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் சாரா ஜே. மாஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. 2015இல் வந்தது, பிறகு பாகம் பாகமாக வளர்ந்துகொண்டே போகிறது. காதலும் மாயமந்திரமும் கலந்த இந்த மாதிரி நாவல்களுக்கு இப்போது 'ரொமான்டசி' என்று தனிப் பெயரே வந்துவிட்டது. 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' கதையைத்தான் பெரியவர்களுக்காகத் திருப்பிச் சொல்லியிருக்கிறாராம். என் பேத்தி மூன்றாம் பாகத்தில் இருக்கிறாள். முதல் இரண்டையும் நான் முழுசாகப் படித்து முடித்தேன். படிக்காமல் திட்டுகிற கிழவன் என்று யாரும் சொல்லக்கூடாது அல்லவா?

என் குற்றச்சாட்டு இதுதான். மிருகத்தை அழகனாக்கிவிட்டு, அதனிடம் இருந்த பொறுமையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பழைய கதையில் முகம்தான் கோரம், நடத்தை கண்ணியம். புதுக் கதையில் முகம் கண்ணியம், நடத்தை கோரம். இதைப் பெண் விடுதலை என்று வேறு சொல்கிறார்கள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு 'திக்தே', அதாவது சொல்வதெழுதல், வாரம் தவறாமல் உண்டு. 'லா பெல் ஏ லா பேத்' எனக்கு அப்படித்தான் அறிமுகம். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைந்தபடியே கதையையும் தெரிந்துகொண்டோம். அது மதாம் லெப்ரேன்ஸ் தெ போமோன் எழுதிய வடிவம். பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குப் போய், பெரிய வீட்டுப் பெண்களுக்கு ஆசிரியையாக இருந்தவர். தம் மாணவிகளை மனதில் வைத்து 1756இல் லண்டனில் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் கதையைச் சேர்த்தார். அவருக்கு முன்பே, 1740இல், மதாம் தெ வில்நேவ் என்பவர் இதையே ஒரு நாவல் நீளத்துக்கு எழுதியிருந்தார். போமோன் அம்மையார் அதை இருபதுக்கும் கொஞ்சம் கூடுதலான பக்கங்களுக்குள் அடக்கினார். இரண்டையும் பிறகு சொல்கிறேன்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். நொடித்துப்போன வியாபாரி, மூன்று பெண், மூன்று பிள்ளை. கடைக்குட்டி பெல். மிருகத்தின் தோட்டத்தில் அவளுக்காகத் தகப்பன் ஒரு ரோஜாவைப் பறிக்கிறான். மிருகம் கர்ஜிக்கிறது. நீ சாக வேண்டும், அல்லது உன் பெண்களில் ஒருத்தி தானாக மனமுவந்து உனக்குப் பதிலாக வர வேண்டும் என்கிறது. அநியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் 'மனமுவந்து' என்ற சொல்லைப் பாருங்கள். பெல் அரண்மனைக்கு வந்ததும் மிருகம் அவளிடம் கேட்கிற முதல் கேள்வியே, நீ விருப்பப்பட்டுத்தான் வந்தாயா என்பது.

அதன் பிறகு நடப்பது என்ன? ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் மிருகம் வருகிறது. நீ சாப்பிடும்போது இங்கே இருக்கலாமா என்று அனுமதி கேட்கிறது. நீங்கள்தானே எஜமானர் என்கிறாள் பெல். இல்லை, இங்கே எஜமானி நீதான், நான் தொந்தரவாக இருந்தால் போகச் சொல், உடனே போய்விடுகிறேன் என்கிறது. நான் அவலட்சணம்தானே என்று கேட்கிறது. ஆமாம், எனக்குப் பொய் சொல்ல வராது, ஆனால் நீங்கள் நல்லவர் என்று நினைக்கிறேன் என்கிறாள் அவள். கடைசியில், என்னை மணக்கச் சம்மதமா என்று கேட்கிறது. கோபம் வந்துவிடுமோ என்று நடுங்கியபடியே பெல் 'இல்லை' என்கிறாள். மிருகம் ஒரு பெருமூச்சு விடுகிறது. அரண்மனையே அதிர்கிறது. அவ்வளவுதான். விடைபெற்று, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெளியே போய்விடுகிறது.

மறுநாள் திரும்பவும் வருகிறது, கேட்கிறது, 'இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு போகிறது. மூன்று மாதம் இப்படி. முப்பது வருஷத்துக்கு மேல் மனுக்களோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு ஒழுங்கான மனுதாரரை நான் பார்த்ததில்லை. தள்ளுபடி என்றால் தள்ளுபடி. மேலிடத்துக் கடிதம் கிடையாது, மேசையைக் குத்துவது கிடையாது, 'உன்னை எங்கே பார்க்கணுமோ அங்கே பார்த்துக்கிறேன்' கிடையாது.

இங்கே மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சில் 'பேத்' என்றால் மிருகம். புத்தி மந்தம் என்றும் பொருள். ஆங்கிலத்தில் 'பீஸ்ட்' என்று போட்டதும் இரண்டாவது பொருள் காணாமல் போய்விட்டது. தமிழில் எருமை என்றால் இரண்டும் கிடைக்கும்! போமோன் கதையின் மிருகத்துக்கு அழகும் இல்லை, சாமர்த்தியப் பேச்சும் இல்லை. நான் வெறும் பேத் என்று அதுவே சொல்லிக்கொள்கிறது. அதற்கு எதிராகப் பெல்லின் இரண்டு அக்காள்களுக்கு வாய்த்த கணவர்களைப் பாருங்கள். ஒருவன் பேரழகன், தன் முகத்தைத் தவிர வேறெதையும் நேசிக்காதவன். இன்னொருவன் பெரிய அறிவாளி, அந்த அறிவை எல்லாரையும் குத்தவே பயன்படுத்துகிறவன், பெண்டாட்டியை முதலில். பெல் இந்த இரண்டு வீட்டையும் கண்ணால் பார்த்த பிறகுதான் தன் மிருகத்தைப் பற்றி யோசிக்கிறாள்.

இப்போது சாரா மாஸ் அம்மையாரிடம் வருவோம். அவருடைய நாயகி ஃபேரா பத்தொன்பது வயதுப் பெண். குடும்பத்துக்காகக் காட்டில் வேட்டையாடுகிறவள். ஒரு ஓநாயைக் கொல்கிறாள். அது உண்மையில் மாயலோகத்துப் பிறவி. அதற்கு ஈடு கேட்டு, மிருக உருவில் டாம்லின் என்பவன் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு வருகிறான். வீராங்கனை, ஏழைக் குடும்பம், பசி, இதெல்லாம் நன்றாகவே இருக்கிறது. அந்தப் பகுதியில் எனக்குக் குறையில்லை.

மாளிகைக்குப் போய்ச் சேர்ந்ததும் மிருகம் பொன்முடி அழகனாகிவிடுகிறது. சாபத்தின் அடையாளமாக முகத்தில் கழற்ற முடியாத ஒரு முகமூடி. அதுவும் தங்கத்தில், மரகதக் கல் பதித்தது! நகைக் கடையில் வைத்தால் விலை போகும். இதுதான் இந்தப் பெண் தாண்டி வரவேண்டிய அவலட்சணமா?

முகம்தான் இப்படி, நடத்தையாவது? ஒரு திருவிழா இரவில் அறையை விட்டு வெளியே வராதே என்று அவளுக்கு உத்தரவு. தின்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று அவள் வெளியே வருகிறாள். மந்திர ஆவேசத்தில் இருக்கிற டாம்லின் அவளைச் சுவரோடு அழுத்திக் கழுத்தில் கடிக்கிறான். மறுநாள், சொன்ன பேச்சைக் கேட்காதவளுக்கு வந்ததற்கு நான் பொறுப்பில்லை என்கிற தோரணையில் பேசுகிறான். இதைப் படித்து வாசகிகள் கிறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1756இல் தொந்தரவாக இருந்தால் போய்விடுகிறேன் என்றது மிருகம். 2015இல் நீ ஏன் வெளியே வந்தாய் என்கிறது. எது பழைய கதை, எது புதிய கதை?

நியாயமாகவும் பேச வேண்டும். 2016இல் வந்த இரண்டாம் பாகத்தில் நூலாசிரியரே டாம்லினைக் கைவிடுகிறார். அவன் ஃபேராவை வீட்டில் பூட்டி வைக்கிறான், அது தவறு என்று கதையே சொல்கிறது. நல்லது. ஆனால் அடுத்து அவளுக்குத் துணையாக யாரைக் கொண்டுவருகிறார்? ரீசாண்டை. முதல் பாகத்தில் அவளுக்கு மயக்க மது கொடுத்து, அரைகுறை உடையில் சபை நடுவே ஆடவைத்தவன் அவன். அதெல்லாம் அவளைக் காப்பாற்றத்தான் செய்தான் என்று பிறகு விளக்கம் வருகிறது. விளக்கம் எப்போதும் வரும், அதற்கா பஞ்சம்? ரீசாண்ட் டாம்லினை விட அழகன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போமோனின் பெல் புத்தகப் புழு. மிருகம் அவளுக்குக் கொடுத்த அறையில் அவளை முதலில் ஈர்ப்பது பெரிய நூலகம். ஃபேராவுக்குச் சரியாகப் படிக்கத் தெரியாது. ஏழைப் பெண்ணின் கதையில் அது பொருத்தமான மாற்றம், நான் வரவேற்கிறேன். அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவன் ரீசாண்ட். பயிற்சிக்கு அவன் கொடுக்கிற வாக்கியங்கள் என்ன தெரியுமா? ரீசாண்ட் எவ்வளவு அழகன் என்பது! நான் எழுதிய திக்தேக்களில் இப்படி ஒன்று வந்திருந்தால் எங்கள் முசியே பிரம்பை எடுத்திருப்பார்.

ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்றால், 'கோபம் இருக்கிற இடத்திலதான் குணம் இருக்கும்' என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. வரன் பேசும் வீடுகளில் இதை எத்தனை தடவை கேட்டிருப்போம்? பையன் கொஞ்சம் முன்கோபி, ஆனா தங்கமான மனசு, நம்ம பொண்ணு போனா சரியாயிடும். நாம் ஒரே வரியில் சொன்னதைத்தான் இவர்கள் நானூறு பக்கத்துக்கு எழுதுகிறார்கள்.

குடும்ப ஓய்வூதியப் பிரிவில் நான் இருந்த காலத்தில் ஒரு அம்மா வந்தார். கணவர் காலமாகி மூன்று மாதம். படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது வழக்கமாகச் சொல்கிற ஆறுதலைச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "சைக்கிள் ஸ்டேண்ட் போடுற சத்தம் கேட்டா இன்னும் கை நடுங்குது சார், இனிமே கேக்காது" என்றார். அழவில்லை. செத்தவர் நல்ல உயரம், பார்க்க லட்சணமாக இருப்பார், அலுவலகத்தில் எல்லாருக்கும் பிரியமானவர்.

இந்தக் கோபத்தை மிருகத்துக்கு முதலில் பெரிய அளவில் கற்றுக்கொடுத்தது 1991இல் வந்த டிஸ்னி படம் என்பது என் கட்சி. அதில் தகப்பனைச் சிறையில் போடுகிறது, அவனுக்குப் பதிலாகப் பெண்ணை வைத்துக்கொள்கிறது, சாப்பிட வா என்று கத்துகிறது, வராவிட்டால் பட்டினி என்கிறது. அவள் பொறுமையாக இருந்து அதைத் திருத்த வேண்டும். பாட்டும் படமும் அழகுதான். ஆனால் பழைய கதையில் பெல்லுக்கு மிருகத்தைத் திருத்துகிற வேலையே இல்லையே! அது ஏற்கெனவே திருந்திய பிராணி. அவள் செய்யவேண்டியது ஒன்றுதான், தன் மனசுக்குத் தெரிகிற வரை காத்திருந்து பதில் சொல்வது.

"தாத்தா, இது பெரியவங்களுக்கான கதை, நீங்க குழந்தைக் கதையோட ஒப்பிடறீங்க" என்றாள் பேத்தி. அதற்குத்தான் மதாம் தெ வில்நேவை வைத்திருக்கிறேன். அவர் 1740இல் எழுதியது பெரியவர்களுக்காகத்தான். அதில் மிருகம் ஒவ்வொரு இரவும் கேட்பது கல்யாணத்தைப் பற்றி அல்ல. என்னோடு இரவைக் கழிக்கச் சம்மதமா என்றே நேரடியாகக் கேட்கிறது. போமோன் அம்மையார்தான் பிள்ளைகளுக்காக அதை 'மணக்கச் சம்மதமா' என்று மாற்றினார். அந்தப் பெரியவர்கள் கதையிலும் பெல் மாட்டேன் என்கிறாள், அந்த மிருகமும் சரி என்று எழுந்து போகிறது. இதில் இன்னொரு விசேஷம், வில்நேவின் பெல் தினமும் கனவில் ஒரு அழகான இளைஞனைப் பார்த்து மனதைப் பறிகொடுக்கிறாள். அப்படி இருந்தும் விழித்திருக்கும்போது மிருகத்துக்குத்தான் சம்மதம் சொல்கிறாள்.

திருப்பிச் சொல்வதே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜான் கொக்தோ 1946இல் இதைப் படமாக எடுத்தார். ஜான் மாரே மிருகமாகவும், பெல்லைச் சுற்றிவரும் அழகான வாலிபன் அவெனானாகவும், கடைசியில் இளவரசனாகவும் நடித்தார். மிருகம் மறைந்து, அவெனானின் அதே முகத்தோடு இளவரசன் எழுந்து நிற்கும்போது பெல்லின் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும். அதற்கு நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் டிக்கெட் எடுப்பேன்.

மாஸின் நாவலில் விதி வேறு வந்து குறுக்கே நிற்கிறது. ஃபேராவுக்கும் ரீசாண்டுக்கும் இடையில் ஒரு மாயப் பிணைப்பு, நம் சினிமாவில் பூர்வ ஜென்ம பந்தம் என்போமே, அது. வேண்டாம் என்றால் மறுக்கலாம் என்றும் கதையில் சொல்லப்படுகிறது. ஆனாலும் ஊழே எழுதி வைத்த பிறகு அந்தப் பெண்ணின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

பேத்தி கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். "உங்க மதாம் கதையிலயும் முடிவில அவன் அழகான ராஜகுமாரனாத்தானே ஆகிறான் தாத்தா?" ஆகிறான்தான். ஆனால் எப்போது? விடுப்பில் வீட்டுக்குப் போன பெல்லை அக்காள்கள் தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு, துக்கப்படுகிற மாதிரி நடித்து நிறுத்தி வைக்கிறார்கள். எட்டு நாள் கெடு தாண்டிவிடுகிறது. பத்தாம் நாள் இரவு கனவு கண்டு பதறித் திரும்புகிறாள். ஒன்பது மணி அடித்தும் மிருகம் வரவில்லை. தேடிப் போனால் வாய்க்கால் ஓரத்தில் செத்த மாதிரி கிடக்கிறது. அந்த மிருகத்திடம்தான் அவள் சம்மதம் என்கிறாள். பிறகுதான் வாணவேடிக்கை, வெளிச்சம், காலடியில் அழகான இளவரசன். அவனைப் பார்த்ததும் பெல் முதலில் கேட்பது, என் மிருகம் எங்கே என்றுதான்.

அந்த இடம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றாள். பக்கத்தை மடித்து வைத்துப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறேன். அவளுக்குப் பிரெஞ்சு கொஞ்சம் தட்டுத் தடுமாறித்தான் வரும். அகராதியையும் சேர்த்துக் கொடுத்தேன்.