நவரசமும் சட்டமும்

2020ஆம் ஆண்டு மே மாதம், மன்னாரைச் சேர்ந்த இளந் தமிழாசிரியர் ஒருவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். அஹ்னாப் ஜஸீம் என்பது அவர் பெயர். 2017இல் வெளிவந்த ‘நவரசம்’ என்னும் அவரது கவிதைநூல் தீவிரவாதத்தைத் தூண்டுகின்றது என்பதும், மாணவர்க்கும் அதனையே போதித்தார் என்பதும் அவர்மேற் குற்றச்சாட்டு. 19 மாதங்கள் மறியலில் இருந்து, 2021 டிசம்பரிற் பிணையில் வந்தார். 2023 டிசம்பரிற் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது.

மட்டக்களப்பார் இதனைத் தூரத்துச் செய்தியாகக் கருதுதல் இயலாது. 2019 உயிர்த்த ஞாயிறன்று நம் நகரத்துச் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்து, குழந்தைகள் பலரும் மாண்டனர். அக்கொடுமையின் வேரைத் தேடுவது அரசின் கடமையே. அதனை யாம் மறுப்பதற்கில்லை. தேடிய கை ஒரு கவிதைநூலிற் போய் நின்றது ஏன் என்பதே வினா.

சுவையை வடநூலார் ஒன்பதென்பர். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென்பர். இரு கணக்கிலும் வெகுளிக்கு இடமுண்டு. அது பிறக்கும் நிலைக்களன்களையும் தொல்காப்பியர் வகுத்துரைத்தார்: உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொல்லுதல். இவை நிகழ்ந்த நாட்டிற் புலவன் வெகுளியைப் பாடாதொழிவனோ? மேலும், பாட்டில் ‘நான்’ என்று பேசுவோன் பாடிய புலவனே ஆகவேண்டும் என்பதுமில்லை. கூற்று யாருடையது என்று கேட்டறிந்த பின்னரே பொருள் கொள்ளல் நம் உரையாசிரியர் மரபு. காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்தார். அரசனைக் கொன்ற மக்பெத்தின் குற்றத்தை அவர் நாடகாசிரியன் தலையிற் சுமத்தினாரல்லர்.

1979இல் மூன்றாண்டுக்கென இயற்றப்பெற்ற அச்சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. இது தமிழ்பேசுவோரை மட்டும் வருத்தும் நோயன்று. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலிற் கைதாகி, நான்கு மாதங்கள் சிறையிருந்தார். அவர்மேல் ஏவப்பட்டது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம். உரிமையைக் காக்க வந்த சட்டத்தின் பெயரைப் பார்த்தீர்களா!

தணிக்கைக்கு ஆளான எழுத்தாளரைப் பற்றி ஆவணப்படம் எடுப்போர் சிறைவாயிலையும் நீதிமன்றப் படிகளையும் காட்டுவர். விடுதலைத் தீர்ப்புடன் படம் முடிவுறலாம். ஆனால் அதன்பின்னும் வகுப்பறையில் நிகழ்ந்துகொண்டிருப்பதை எக்கருவி பிடிக்கும்?

சென்ற தவணையிற் படுவான்கரை மாணவன் ஒருவன் எங்கள் கையெழுத்துச் சஞ்சிகைக்கு ஒரு கவிதை தந்தான். வாவிக்கு வலைகொண்டு போன தகப்பன் திரும்பி வராத வீட்டைப் பற்றியது. வெகுளி அதிற் செவ்வனே அமைந்திருந்தது. முப்பதாண்டு கற்பித்தவனுக்கு அத்தகைய கவிதை கைக்கு வருவது அருமை. இருமுறை வாசித்தேன்.

“தம்பி, கடைசி இரண்டு அடிகளையும் எடுத்துவிடு” என்றேன்.

“ஏன் சேர்?”

“ஓசை குன்றுகிறது.”

அவன் மறுபேச்சின்றி அடித்துவிட்டான். ஓசையில் ஒரு குறையும் இருக்கவில்லை.