மூன்றாம் முறையும் அடைத்தால்?

மாணவர்களே, எங்கள் வீட்டு ஆண் பூனைக்கு ஆறே மாதத்தில் மூன்றாவது முறையாகச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. முன்பு இரண்டு முறையும் மெல்லிய குழாயைச் செருகி அடைப்பை நீக்கினார்கள். இம்முறை, "அறுவைச் சிகிச்சை செய்யலாமா?" என்று மருத்துவர் கேட்டார். நான் தயங்கினேன். அறிவியல்தான் முடிவெடுக்க உதவியது.

ஆண் பூனைக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் நுனியில் மிகவும் குறுகலானது. சளி போன்ற கசிவும் ஸ்ட்ரூவைட் படிகங்களும் சேர்ந்து அதை அடைத்துவிடும். குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் பாயும் நீர் 16-இல் ஒரு பங்காகக் குறையும் என்பதை நினைத்துப் பாருங்கள். சிறுநீர் தேங்கினால் இரத்தத்தில் பொட்டாசியம் கூடி, இதயத் துடிப்பு தடுமாறும். இரண்டு மூன்று நாளில் உயிரே போகலாம்.

அறுவையில் அந்தக் குறுகிய பகுதியை நீக்கி, அகலமான இடத்தில் புதிய திறப்பை அமைக்கிறார்கள். "ஆண் பூனையைப் பெண் பூனையாக்குவதா?" என்று உறவினர் சிலர் கேட்டனர். பூனைக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. வலி மட்டும் உண்டு.

இது மந்திரமும் அல்ல. சிறுநீர்ப்பை அழற்சி தொடரலாம், கிருமித்தொற்றும் எளிதாகும். ஆகவே ஈர உணவு, நிறையத் தண்ணீர், மருத்துவர் சொல்லும் சிறப்புணவு ஆகியவற்றை முதலில் முயல வேண்டும். நாங்களும் முயன்றோம். அதையும் மீறி மீண்டும் மீண்டும் அடைத்தால், அறுவையே கருணை என்பது என் கருத்து. எங்கள் பூனைக்கும் செய்தோம்.

உங்கள் ஆண் பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் வராவிட்டால், மலச்சிக்கல் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.