மரங்கொத்திக்குக் குரல் கொடுத்த பெண்



சிவப்புக் கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு கேலியாகச் சிரிக்கும் 'வூடி வூட்பெக்கர்' என்ற கார்ட்டூன் மரங்கொத்தியை உங்களில் பலர் அறிவீர்கள். பிள்ளைகளோடு சேர்ந்து நானும் அதைப் பார்த்து ரசித்திருக்கிறேன். அது வளர்ந்த கதையில் பெண்களாகிய நமக்கும் ஒரு செய்தி இருப்பதால் இம்மாதம் அதனை எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் வோல்டர் லாண்ட்ஸ் என்பவரின் கலைக்கூடத்தில் 1940ஆம் ஆண்டு இந்தப் பறவை பிறந்தது. 'நொக் நொக்' என்ற படத்தில், ஒரு பண்டாக் கரடிக் குடும்பத்தின் கூரையைக் கொத்தித் தொல்லை கொடுப்பதுதான் அதன் முதல் வேலை. அன்றைய உருவத்தைப் பார்த்தால் நமக்கு அடையாளமே தெரியாது. தடித்த கால்கள், துருத்திய பற்கள், பைத்தியம் பிடித்தாற்போன்ற பார்வை! 1944இல் வந்த 'பார்பர் ஒப் செவில்' படத்தில் அதன் தோற்றம் சீரானது. 1950களில் உருவம் இன்னும் சிறிதாகி, குணமும் சற்றுச் சாதுவானது. எடுத்ததற்கெல்லாம் வம்புக்குப் போகாமல், சீண்டியவரைத் திருப்பிச் சீண்டும் பறவையாயிற்று.

உருவத்தைப் போலவே குரலும் மாறியது. முதலில் குரல் கொடுத்தவர் மெல் பிளாங்க் என்ற புகழ்பெற்ற கலைஞர். சில படங்களோடு அவர் வேறு நிறுவனத்துக்குச் சென்றுவிட்டார். பின்னர் புதிய குரல் தேடியபோது, லாண்ட்ஸின் மனைவியும் நாடக, திரைப்பட நடிகையுமான கிரேஸ் ஸ்டஃபோர்ட் தானே பேசுவதாகச் சொன்னார். ஆண் பறவைக்குப் பெண் குரலா என்று கணவர் மறுத்துவிட்டார்.

கிரேஸ் வாதாடவில்லை. தன் குரலை இரகசியமாகப் பதிவு செய்து, மற்றவர்களுடைய ஒலிப்பதிவுகளோடு சேர்த்து வைத்தார். யாருடையது என்று அறியாமலே லாண்ட்ஸ் தெரிவு செய்தது மனைவியின் குரலைத்தான்!

அதன்பின் 1972இல் கலைக்கூடம் படத் தயாரிப்பை நிறுத்தும்வரை வூடி பேசியது அவருடைய குரலில்தான். ஆனால் முதல் சில ஆண்டுகள் படங்களில் அவருடைய பெயர் இல்லை. பெயரைப் போட வேண்டாமென்று கேட்டவரும் அவரே. பேசுவது ஒரு பெண் எனத் தெரிந்தால் சிறுவர்கள் ஏமாந்துபோவார்கள் என்று அவர் அஞ்சினாராம். 1958ஆம் ஆண்டில்தான் அவருடைய பெயர் திரையில் வந்தது. அதற்காகப் பிள்ளைகள் வூடியைக் கைவிட்டுவிடவில்லை. 1990இல் ஹொலிவூட் நடைபாதையில் அந்தப் பறவையின் பெயரில் ஒரு நட்சத்திரமே பதிக்கப்பட்டது.

இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துவது கணவரின் மறுப்பல்ல. தகுதியை நிரூபித்த பிறகும், தன் பெயர் வெளியே தெரிந்தால் வேலை கெட்டுவிடும் என்று அந்தப் பெண் எண்ணினாரே, அதுதான். நம்மிடையேயும் கணவரின் கடைக்குக் கணக்கு எழுதுபவர்கள், இரவிரவாகத் தைத்துக் கொடுப்பவர்கள் எத்தனை பேர்! கேட்டால், "நான் சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்" என்பார்கள்.

சகோதரிகளே, அடுத்த முறை யாராவது கேட்டால் அந்தச் 'சும்மா'வை விட்டுவிடுங்கள். நீங்கள் செய்யும் வேலையின் பெயரைச் சொல்லுங்கள். பிள்ளைகளின் காதிலும் அது விழட்டும்.