நகல் என்ற பழி

ஷூட்டிங் கார்டு என்ற சொல்லை முதன்முறை தமிழாக்க நேர்ந்தபோது 'சுடும் காவலர்' என்று எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்துபவர் கண்ணில் பட்டதால் மானம் தப்பியது. "யார் சார் இவர்? வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பாரே, அவரா?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதற்காகத்தான் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தைப் பார்க்கத் தொடங்கினேன். அந்தப் பழக்கம் இன்றுவரை விடவில்லை. சொல்லுக்குச் சரியான தமிழ் மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை.

அணிக்கு ஐந்து பேர். பந்தைக் கொண்டுவந்து பங்கிடுபவர் பாயின்ட் கார்டு. வளையத்தின் அடியில் மல்லுக்கு நிற்பவர் சென்டர். இவர்களுக்கு நடுவே, சற்று வெளியே நின்று புள்ளி சேர்ப்பது ஷூட்டிங் கார்டின் வேலை. ஆட்டம் சிக்கிக்கொண்டு நேரம் கரையும்போது பந்து பெரும்பாலும் இவர் கைக்குத்தான் வரும். எதிரணியில் இதே வேலையைச் செய்பவரை அடக்குவதும் இவர் பொறுப்பு.

இந்த இடத்தில் ஆடியவர்களில் முதல்வர் யார் என்பதில் பெரிய தகராறு கிடையாது. மைக்கேல் ஜோர்டன். சிகாகோ புல்ஸ் அணிக்கு 1991 முதல் 1993 வரை மூன்று பட்டங்கள், 1996 முதல் 1998 வரை மறுபடி மூன்று. ஆறு இறுதித் தொடர்களிலும் சிறந்த ஆட்டக்காரர் அவரே. பத்துப் பருவங்களில் புள்ளிக் குவிப்பில் முதலிடம். ஆட்டத்துக்குச் சராசரி 30.1 புள்ளிகள். 1988-ல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் வாங்கியவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தகராறு இரண்டாவது பெயரில் ஆரம்பிக்கிறது. கோபி பிரயன்ட். (நம் ஊர்க் கோபி அல்ல; ஜப்பானிய மாட்டிறைச்சியின் பெயரைப் பெற்றோர் சூட்டினார்களாம்.) லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் என்ற ஒரே அணியில் 20 பருவங்கள். 5 பட்டங்கள். மொத்தப் புள்ளிகள் 33,643. இது ஜோர்டனின் 32,292-ஐவிட அதிகம். ஆனாலும் அவர் பேரை எடுத்தவுடன் "ஜோர்டனின் நகல்தானே" என்று ஒரு குரல் எழும். இருவரின் ஆட்டத்தையும் அடுத்தடுத்து ஓடவிட்டால் அந்தக் குரலை மறுப்பது கடினம். இடது தோளைத் தாழ்த்தி ஏமாற்றுவது, வளையத்துக்கு முதுகு காட்டி நிற்பது, சட்டென்று திரும்பி எழும்பிப் பின்னால் சாய்ந்தபடி எறிவது எல்லாம் ஒரே அச்சு.

மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்டவனுக்கு இந்தப் பழி புதிதல்ல. மூலம் மாதிரியே இருந்தால் சொந்தச் சரக்கு இல்லை என்பார்கள். மூலம் மாதிரி இல்லாவிட்டால் கெடுத்துவிட்டான் என்பார்கள். ஆகவே நான் பிரயன்ட் கட்சி என்று வாசகர் சந்தேகித்தால் அதில் தப்பில்லை. அதனால்தான் ஜோர்டனுக்குச் சேரவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எறிந்தவற்றில் எத்தனை வளையத்துக்குள் விழுந்தன என்ற கணக்கில் ஜோர்டனின் வாழ்நாள் சராசரி 49.7 சதவீதம். பிரயன்டுக்கு 44.7. நூற்றுக்கு ஐந்து என்பது கேட்கச் சின்ன வித்தியாசம். இருபதாயிரம் தடவைக்கு மேல் எறிபவருக்கு அது ஆயிரம் தவறுகள். பிரயன்ட் தவறவிட்டவை 14,481. தவறவிட்டதில் முதலிடம் என்ற அந்தச் சாதனை 2024-ல் லெப்ரான் ஜேம்ஸ் தாண்டும்வரை அவர் வசமே இருந்தது. இது கைத்திறமைக் குறைவல்ல. மூன்று பேர் சூழ்ந்து நிற்கும்போதும் எறிவார். பக்கத்தில் சகா ஆளில்லாமல் கைதூக்கி நின்றாலும் எறிவார். கடினமானதைச் செய்து காட்டுவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஜோர்டன் பொறுத்திருந்து தன் இடம் வந்ததும் எறிவார். இருவருக்கும் பயிற்சியாளராக இருந்து 11 பட்டங்கள் கண்ட ஃபில் ஜாக்சன், 2013-ல் வெளியான தன் நூலில் இதையேதான் சொல்கிறார்: ஜோர்டன் ஆட்டத்தைத் தன்னிடம் வரவிடுவார், பிரயன்ட் அதை வலிந்து இழுப்பார். தலைமைப் பண்பிலும் ஜோர்டன்தான் மேல் என்று எழுதியிருக்கிறார். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டவர் சொல்வதை நான் ஏற்கிறேன்.

ஆனால் நகல் என்ற சொல்லை ஏற்க முடியவில்லை. காரணம், கை.

ஜோர்டனின் உள்ளங்கை அவர் உயரத்துக்கும் மிஞ்சியது. 6 அடி 6 அங்குல மனிதருக்குச் சென்டர் ஆட்டக்காரரின் கை. பந்தை ஒற்றைக் கையில் ஆரஞ்சுப் பழம்போல் பிடித்து, தலைக்கு மேலே ஆட்டிக்காட்டி, எதிராளி அந்தப் பக்கம் சாய்ந்ததும் இந்தப் பக்கம் போவார். காற்றில் இருக்கும்போதே மனதை மாற்றிக்கொண்டு பந்தை இன்னொரு கோணத்துக்குக் கொண்டுபோவார். 1991 இறுதித் தொடரில், எழும்பிய பிறகு வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றி உள்ளே போட்டாரே, அதெல்லாம் இந்தக் கையின் உபயம்.

பிரயன்டுக்கும் ஏறக்குறைய அதே உயரம்தான். கை மட்டும் சாதாரணக் கை. பந்து நழுவாதிருக்க இரண்டு கையும் வேண்டும். மூலமொழியில் ஒரே சொல்லில் முடிவதற்கு நம் மொழியில் ஒரு வாக்கியம் தேவைப்படுவது மாதிரி, ஜோர்டன் ஒரு கையசைப்பில் செய்த ஏமாற்றுக்குப் பிரயன்ட் கால்களைத் தேடவேண்டியதாயிற்று. ஒரு காலை ஊன்றிக்கொண்டு முன்னால் ஒரு எட்டு, பின்னால் ஒரு எட்டு, மறுபடி முன்னால். எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்து அதற்கு எதிர்த்திசையில் திரும்பல். கால்வேலையில் பிரயன்ட் தன் குருவைத் தாண்டினார் என்பது என் கட்சி. அது போதாதென்று, பட்டங்கள் பல பார்த்தபின் 2009 கோடையில் ஹகீம் ஒலாஜுவான் வீட்டுக்குப் போய் பாடம் கேட்டார். ஹகீம் ஓய்வுபெற்ற சென்டர், கால் நளினத்துக்குப் பேர்போனவர்.

1997 டிசம்பர் 17 அன்று சிகாகோவில் ஒரு ஆட்டம். பிரயன்டுக்கு வயது 19. ஜோர்டன் 36 புள்ளிகள் எடுத்தார், பையன் 33. சிகாகோ சுலபமாக வென்றது. ஆட்டத்தின் நடுவே பையன் ஜோர்டனிடம் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறான்: வளையத்துக்கு முதுகு காட்டி நிற்கும்போது கால்களை அகட்டி வைப்பீர்களா, சேர்த்து வைப்பீர்களா? தன்னை அடக்க நிற்கும் எதிரியிடமே கேட்கிறான். ஜோர்டனும் பதில் சொல்கிறார்: எதிராளி எங்கே நிற்கிறான் என்பதைக் காலால் உணரவேண்டும்.

பார்த்துக் காப்பியடிப்பவன் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டான். கையும் தோளும் போன திசை வெளியே தெரிவது. கால் ஏன் அங்கே நின்றது என்பது உள்ளே இருப்பது. தவிர, ஜோர்டன் மட்டும் ஆகாயத்திலிருந்து குதித்தாரா? வட கரோலினாவில் வளர்ந்த சிறுவனுக்கு அந்த மாநிலத்தின் டேவிட் தாம்ப்சன்தான் ஆதர்சம். 2009-ல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது தன்னை மேடைக்கு அழைத்துச் செல்ல அவரைத்தான் ஜோர்டன் தேர்ந்தெடுத்தார்.

இந்த இருவரையே அளந்துகொண்டிருப்பதில் வேறொரு கெடுதலும் உண்டு. ஜோர்டன் மாதிரி ஆடாதவர்கள் ஒப்பீட்டுக்குள்ளேயே வருவதில்லை. 1996-ல் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்த அந்த ஒரே இரவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதாக எடுக்கப்பட்டவர் ஆலன் ஐவர்சன். ஐந்தாவது ரே ஆலன். பதின்மூன்றாவதுதான் பிரயன்ட். ஐவர்சன் வெறும் 6 அடி. அந்த உயரத்தில் நான்கு பருவங்கள் புள்ளிக் குவிப்பில் முதல்வர். பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தரையோடு தட்டி எதிராளியைத் தடுமாற வைப்பது அவர் வித்தை. 1997 மார்ச்சில் ஜோர்டனே அதில் ஏமாந்தார். தவறவிட்டதும் ஏராளம்.

ரே ஆலன் வேறு ஜாதி. ஓட்டமே அவர் ஆட்டம். சகாக்களின் முதுகுகளைத் திரையாகப் பயன்படுத்தி ஓடி, பந்து வரும் கணத்தில் சரியான இடத்தில் இரண்டு காலும் தயாராக நிற்பார். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 2,973 முறை போட்டார். அதற்குமுன் சாதனை வைத்திருந்த ரெஜி மில்லருக்கும் (2,560) இதே வழிதான். ஜோர்டன், பிரயன்ட் இருவருக்கும் இந்தத் தூரத்தில் 33 சதவீதம் தேறாது. இன்றைய கணக்கில் அது சுமார் ரகம்.

5.2 விநாடிகள் என்ற ஒரு கணக்கு எனக்கு எப்போதும் வியப்பு. 1998 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், யூட்டா. சிகாகோ ஒரு புள்ளி பின்னால். ஜோர்டன் கார்ல் மலோனின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்தார், தானே கொண்டுவந்தார், பிரையன் ரஸலைத் தடுமாறவைத்து எறிந்தார். பாக்கி 5.2 விநாடி, 87-86, ஆறாவது பட்டம். 2013 இறுதித் தொடரிலும் ஆறாவது ஆட்டம், மயாமி. சான் அன்டோனியோ மூன்று புள்ளி முன்னால். கோப்பை தர மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். லெப்ரான் எறிந்தது தவறி, கிறிஸ் பாஷ் பந்தைப் பிடித்தார். அந்த நேரம் ரே ஆலன் திரும்பிப் பார்க்காமல் பின்னோக்கி நடந்து மூலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கோட்டுக்கு வெளியே கால் வைத்ததும் பந்து வந்தது. எறிந்தார். பாக்கி 5.2 விநாடி, 95-95. கூடுதல் நேரத்தில் மயாமி வென்றது. அடுத்த ஆட்டத்தில் பட்டமும். தரையில் படுத்து, எழுந்து, மூலைக்குப் பின்னோக்கி ஓடி எறிவதை அவர் பல வருஷம் தனியாகப் பழகிவந்தார். முன்னவரிடம் பந்து கடைசிவரை இருந்தது. பின்னவரிடம் ஒரு கணம்தான். எது பெரிய திறமை என்று கேட்டால் நான் விழிப்பேன்.

இந்த வம்சத்தின் உச்சம் கிளே தாம்ப்சன். 2016 டிசம்பரில் 29 நிமிடமே ஆடி 60 புள்ளி எடுத்தார். அத்தனைக்கும் பந்தைத் தரையில் தட்டியது மொத்தம் 11 முறை. பிரயன்ட் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசி ஆட்டத்தில் அதே 60 எடுத்தார், 50 தடவை எறிந்து. ஒரே எண், இரண்டு வேறு ஆட்டங்கள். ட்வைன் வேடைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்: தூர எறிதல் அறவே வராமல், 2006 இறுதித் தொடரில் 0-2 என்று பின்தங்கிய மயாமியைத் தூக்கி நிறுத்தியவர், ஆட்டத்துக்கு 34.7 புள்ளி.

பிரயன்ட் 2020 ஜனவரி 26 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். உடன் அவருடைய 13 வயது மகள் ஜியானாவும் ஏழு பேரும். அந்த ஏப்ரலில் வெளிவரத் தொடங்கிய ஜோர்டன் பற்றிய ஆவணத் தொடரில் பிரயன்ட் பேசுகிறார். இருவரில் யார் ஜெயிப்பார் என்ற விவாதமே தனக்குப் பிடிக்காது, என்னிடம் இருப்பது அவரிடமிருந்து வந்தது, அவரில்லாமல் எனக்கு ஐந்து பட்டங்கள் இல்லை என்கிற பொருளில். நகல் என்று சொன்னவர்களுக்கு அவரே வாக்குமூலம் கொடுத்த மாதிரி இருக்கிறது. சொல்லும் முகத்தில் கூச்சத்தைத்தான் காணோம்.

பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த நினைவுக் கூட்டத்தில் ஜோர்டன் அழுதுகொண்டே பேசினார். ராத்திரி பதினொன்றரைக்கு, இரண்டரைக்கு, மூன்று மணிக்கெல்லாம் தொலைபேசியில் கூப்பிட்டு கால்வேலை பற்றிக் கேட்பாராம். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது என்றார். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்புகூட நள்ளிரவில் ஒரு செய்தி வந்ததாம்: மகளுக்குச் சில நுணுக்கங்கள் சொல்லிக்கொடுக்கிறேன், சிறுவயதில் இவற்றைப் பழகும்போது நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? எந்த வயதில் என்று ஜோர்டன் திருப்பிக் கேட்டார். பன்னிரண்டு என்று பதில். பன்னிரண்டு வயதில் நான் பேஸ்பால் ஆட முயன்றுகொண்டிருந்தேன் என்று எழுதினார் ஜோர்டன். அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்ததாகப் பதில் வந்தது, விடிகாலை இரண்டு மணிக்கு.