பூனையும் நாயுமாக மழை எதற்கு? ஊர்க் கதையில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுங்கள்!

தர்மபுரி மாவட்டத்துப் பையன் ஒருவன் பிளஸ்-2 பாஸ் பண்ணுகிறான். இங்கிலீஷ் பேப்பரிலும் பாஸ்தான். ஓசூருக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுகிறான். கம்பெனியில் ஒரு காகிதத்தை நீட்டி, "படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுப்பா" என்கிறார்கள்.

அதில் "ஆன் ப்ரொபேஷன்" என்று ஒரு வரி. "வித்அவுட் நோட்டீஸ்" என்று ஒரு வரி. "லாஸ் ஆஃப் பே" என்று இன்னொரு வரி. அவனுக்கு "லாஸ்" தெரியும். "பே" தெரியும். மூன்றும் சேர்ந்து நின்றால், "லீவு போட்ட நாளுக்குச் சம்பளம் கட்" என்று அர்த்தம். அதுதான் தெரியாது. கையெழுத்துப் போட்டு விடுகிறான். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திருதிருவென்று விழிக்கிறான்.

பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் படித்த பையன் இவன். தப்பு யார் பேரில்?

பையன் பேரில் இல்லை. சொல்லிக் கொடுக்கும் முறையில்தான் கோளாறு.

கீரைக்கட்டு மாதிரி!

இங்கிலீஷில் பல சொற்கள் தனியாக வருவதில்லை. கட்டாக வருகின்றன. சந்தையில் விற்கும் கீரைக்கட்டு மாதிரி. வாழைநாரை அவிழ்த்து ஒவ்வொரு தண்டாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. கட்டாகத்தான் வாங்க வேண்டும், கட்டாகத்தான் விற்க வேண்டும்.

தமிழன் இடறி விழும் இடமும் இதுதான். நமக்கு "பண்ணு" என்று ஒரு சொல் இருந்தால் போதும். தப்பு பண்ணினான், புகார் பண்ணினான், முடிவு பண்ணினான், வேலை பண்ணினான். எல்லாம் ஒரே பண்ணு! வெள்ளைக்காரன் பாஷையில் அப்படி இல்லை. தப்புக்கு "மேக்". வேலைக்கு "டூ". நடவடிக்கைக்கு "டேக்". புகாரை எழுதிக் கொடுத்தால் "ஃபைல்". எதற்கு எது ஜோடி என்பதற்கு இலக்கணத்தில் விதி கிடையாது. பழகித்தான் வர வேண்டும். அதனால்தான் நம் ஆட்கள் "டூ மிஸ்டேக்" என்று பேசிவிட்டு, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக் கொள்கிறார்கள்.

சரி, பழகுவது எப்படி? பஸ் நிலையக் கடையில் "30 நாளில் இங்கிலீஷ்" என்று புத்தகம் தொங்குகிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பும் நடக்கிறது. அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள்? "இட்ஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்"! பூனையும் நாயுமாக மழை கொட்டுகிறதாம். ஒரு மழைக்காகப் பென்னாகரம் பக்கத்து மானாவாரி விவசாயி வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்கிறார். அவர் மகனுக்கு இந்த மழை எதற்கு? என்றைக்குச் சொல்லப் போகிறான்? சொல்லாத சொல் நிற்காது. பரீட்சை முடிந்த மறுநாளே அம்பேல்.

சொந்த ஊர் விஷயத்தில் பாடம் நடத்தினால் என்ன என்பதே இங்கே கேள்வி. பத்து வரிப் பாடம், ஐந்து கட்டுச் சொற்கள். விஷயம் மட்டும் தர்மபுரி மாவட்டத்தின் விஷயம். சில உதாரணங்களைப் பாருங்கள்.

ஒரு "ஆஃப்" செய்யும் வேலை

குழந்தைத் திருமணம் இந்த மாவட்டத்துக்குப் புதிது அல்ல. அது பற்றி ஒரு சின்னப் பாடம் என்று வையுங்கள். "ஷீ காட் மேரீட்" என்றால் அவள் கல்யாணம் பண்ணிக் கொண்டாள். "ஷீ வாஸ் மேரீட் ஆஃப்" என்றால் அவளைக் கட்டிக் கொடுத்துத் தள்ளி விட்டார்கள்! வித்தியாசம் ஒரே ஒரு "ஆஃப்". பாரத்தை இறக்கி வைத்த மாதிரி. 15 வயதுப் பெண்ணுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் புரிந்தால், இங்கிலீஷோடு வேறொன்றும் சேர்ந்து புரியும்.

அடுத்த வரி "அகெய்ன்ஸ்ட் ஹெர் வில்". அவள் இஷ்டத்துக்கு விரோதமாக. அதற்கும் அடுத்த வரி "பனிஷபிள் பை லா". 2006-ம் வருஷச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்ப வேண்டும். மீறி நடத்தி வைப்பவர்களுக்கு 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். 1098-க்குப் போன் செய்தால் ஆள் வரும். பத்து வரிக்குள் இத்தனையும் அடங்கி விடும்.

தண்ணீர்ப் பாடம்

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எல்லோருக்கும் தெரியும். 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2013-ல் திறந்தார்கள். ஜப்பான் கடனில் வந்த திட்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர் போகிறது. அதன் முழு இங்கிலீஷ் பெயரில் "ஃப்ளூரோசிஸ் மிட்டிகேஷன்" என்று ஒரு வால் உண்டு. எத்தனை பேருக்கு அதன் அர்த்தம் தெரியும்?

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு உப்பு கூடினால் பல்லில் காவி ஏறும். வருஷக் கணக்கில் குடித்தால் எலும்பைப் பிடிக்கும், முதுகு வளையும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. அந்தக் கேட்டைக் குறைப்பதுதான் "மிட்டிகேஷன்". தன் ஊருக்கு வந்த திட்டத்தின் பெயரையே படிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை பத்தாவது முடிக்கிறது என்றால் அது என்ன படிப்பு?

இந்தப் பாடத்தில் "சஃபர் ஃப்ரம்" வரும். "அன்ஃபிட் ஃபார் ட்ரிங்கிங்" வரும். "ஆஸ் எ ரிசல்ட் ஆஃப்" வரும். மூன்றும் நாளைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டிலும் ஆபீஸ் கடிதத்திலும் அதே கட்டாகக் கண்ணில் படும்.

தொட்டிலும் கோர்ட்டும்

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கியது. 2001-ல் தர்மபுரிக்கு வந்தது. அந்த வருஷக் கணக்கெடுப்பில், தர்மபுரி மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆணுக்கு 900 பெண்கூட இல்லை. மற்றவர்கள் எங்கே என்று கேட்டால் ஊரே தலையைக் குனிய வேண்டியிருந்தது. 2011-ல் 900-ஐத் தாண்டியது. "கிவ் பர்த் டு" என்றால் பெற்றெடுத்தாள். "கிவ் அப்" என்றால் கைவிட்டாள். இரண்டிலும் "கிவ்"தான். ஒரு தாய் இந்த இரண்டுக்கும் நடுவில் தவிக்கும் கதையைப் படித்த பிள்ளை, அந்தச் சொல்லை ஜென்மத்துக்கும் மறக்காது.

பெரிய வகுப்புக்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20-ந் தேதி சந்தனக்கட்டை சோதனை என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் அரூர் பக்கம் உள்ள அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் கற்பழிக்கப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி கோர்ட்டு, அன்றைக்கு உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் அதே செப்டம்பர் 29-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது. ஐகோர்ட்டுத் தீர்ப்பு இங்கிலீஷில்தான் வரும். "பியாண்ட் ரீசனபிள் டவுட்" என்பது கிரிமினல் கோர்ட்டு பாஷை. சந்தேகத்துக்கு இடமின்றி என்று பொருள். மாலைப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தமிழில் தினசரி பார்த்த வார்த்தைதான். தமிழில் தெரிந்ததை இங்கிலீஷில் தெரிந்து கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

பாடம் போட்ட போடு!

"பாடத்தைப் படித்து என்ன ஆகிவிடப் போகிறது?" என்று கேட்பவர்கள் பக்கத்து ஆந்திராவைப் பார்க்கலாம். நெல்லூர் மாவட்டத்தில் அறிவொளி வகுப்பு நடந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெண்களுக்கான புத்தகத்தில் சாராயம் பற்றி ஒரு கதை. தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் அதைப் படித்தார்கள், பேசினார்கள். "இது நம்ம வீட்டுக் கதையாச்சே" என்றார்கள். 1992-ல் ஊர்ச் சாராயக் கடையை மூடவே வைத்து விட்டார்கள். தீ மாநிலம் முழுக்கப் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. அது தெலுங்குப் பாடம்தான், இங்கிலீஷ் அல்ல. ஆனால் சங்கதி ஒன்றுதான். தன் கதை என்றால் எழுத்து மண்டையில் ஏறும்.

பிரேசில் நாட்டில் பாலோ ஃப்ரெய்ரே என்ற ஆசிரியரும் இதையே செய்தார். 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில், கூலிக்காரர்கள் தினமும் புழங்கும் சொற்களை வைத்தே பாடம். சுமார் 40 மணி நேரத்தில் 300 பேர் எழுதப் படிக்கப் பழகினார்கள்.

சரண்டர் வேல்யூ

இன்னொரு விஷயம். மைக்கேல் வெஸ்ட் என்று ஒரு வெள்ளைக்காரர். 1920-களில் டாக்காவில் வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். வங்காளத்துப் பிள்ளைகள் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி விடுவதைப் பார்த்தார். இன்சூரன்ஸ் பாலிசிக்கு சரண்டர் வேல்யூ இருக்கிற மாதிரி படிப்புக்கும் இருக்க வேண்டும் என்றார். பாதியில் நின்றாலும் கட்டிய பணத்துக்கு ஏதாவது கையில் கிடைக்க வேண்டும் அல்லவா? அதற்கு முதலில் படித்துப் புரிந்து கொள்ளப் பழக்குங்கள் என்பது அவர் கட்சி.

தர்மபுரிக்கு இதைவிடப் பொருத்தமான பேச்சு கிடையாது. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தில் எழுத்தறிவு நூற்றுக்கு 80. தர்மபுரியில் 68 சொச்சம். அன்றைய 32 மாவட்டத்தில் கடைசி இடம்! செங்கல் சூளைக்கும் கட்டிட வேலைக்கும் பெற்றோர் கிளம்பும்போது பிள்ளையும் பாதியில் கிளம்புகிறது. அப்படிப் போகிற பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? மனப்பாடம் செய்த கட்டுரையா? அல்லது ஒரு காகிதத்தைப் படித்து, "இதிலே கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லும் தைரியமா?

ஆட்சேபணைகள்

"இதெல்லாம் வகுப்பில் பேசுற விஷயமா?" என்பார்கள் சிலர். நியாயமான பயம்தான். பல்லில் காவி ஏறிய பிள்ளை அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அக்காவைச் சின்ன வயதில் கட்டிக் கொடுத்த வீட்டுப் பெண் முன் வரிசையில் இருப்பாள். யாரையும் சுட்டிக் காட்டக் கூடாது. வாத்தியார் பிரசங்கமும் செய்யக் கூடாது. பாடத்தில் வரும் பெண்ணுக்கும் ஊருக்கும் வேறு பெயர் இருக்கட்டும். வாச்சாத்தி மாதிரி விஷயத்தை ஆறாம் வகுப்புக்குக் கொண்டு போக வேண்டாம். இது வாத்தியார் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம். அதற்காகப் பேசாமலே இருந்தால் அதற்குப் பெயர் "டர்ன் எ ப்ளைண்ட் ஐ". கண்டும் காணாமல் இருப்பது!

"தமிழ் கெட்டுப் போகும்" என்பார்கள் வேறு சிலர். கெடாது. ஒவ்வொரு கட்டுக்கும் எதிரே தமிழ்க் கட்டை எழுதச் சொல்லுங்கள். "மேக் எண்ட்ஸ் மீட்" என்றால் "வரவும் செலவும் இழுத்துப் பிடிச்சு ஓட்டுறது" என்று பிள்ளை எழுதட்டும். வீட்டில் அம்மா பேசும் பேச்சுக்கு அன்றைக்குத்தான் மரியாதை வரும்.

என்ன செய்ய வேண்டும்?

பெரிய பட்ஜெட் வேண்டாம். வாரத்துக்கு ஒரு பாடம். பத்து வரிக்கு மேல் கூடாது. ஐந்து கட்டுச் சொற்களுக்கு அடியில் கோடு. அன்றைக்கு வாய்விட்டுப் படிக்க வேண்டும். மறுநாள் அதே ஐந்தை வைத்துத் தன் தெரு பற்றி ஐந்து வரி எழுத வேண்டும். அடுத்த வாரப் பாடத்தில் பழைய கட்டில் இரண்டாவது திரும்ப வர வேண்டும். திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால்தான் நாக்கில் நிற்கும். வாரம் ஐந்து என்றால் 30 வாரத்தில் 150. கம்பெனிக் காகிதம், பேங்கு சலான், ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றையும் கண்டு நடுங்காமல் இருக்க அது நல்ல கைமுதல்.

அரசுப் பள்ளிகளில் 2012-ம் ஆண்டு முதல் இங்கிலீஷ் மீடியம் பிரிவுகளைத் திறந்தார்கள். போர்டு மாட்டியாகி விட்டது. போர்டுக்குப் பின்னால் நடப்பது இன்னும் மனப்பாடம் என்றால், மீடியத்தை மாற்றி என்ன லாபம்?

கல்வி அதிகாரிகள் கவனிக்க வேண்டும். மாவட்டத்தில் இங்கிலீஷ் வாத்தியார்கள் பத்துப் பேர் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் முப்பது பாடம் தயாராகி விடும். பூனையும் நாயும் மழையில் நனைந்தது போதும். தர்மபுரிப் பிள்ளை தன் பெயருக்கு வந்த காகிதத்தைத் தானே படிக்கட்டும்!